பத்துத் தப்படி நாடு

அவன் மூன்றாம் முறையும் நடந்து பார்த்தான்.

நீளம் பத்துத் தப்படி. அகலம் ஆறு.

காலையில்தான் அந்த நிலத்தை வாங்கியிருந்தான். காசு கொடுத்தவர்கள் அவனைச் சிறைபிடித்த ரோமானியர்களே. விற்றவனும் ரோமானியன்தான். விலங்கோடு இருப்பவன் நிலம் வாங்கினால் செல்லாது என்று யாரோ சொல்ல, விலங்கைக் கழற்றிவிட்டார்கள்.

"என்ன பண்ணையாரே, அளந்தது போதுமா?" என்றான் காவல்வீரன் வொலூசியஸ். எல்லைக்கல்லுக்கு வெளியே நின்றுதான் கேட்டான். உள்ளே கால் வைக்கவில்லை.

"எனக்கு எதுக்கு இது?"

"எங்க வழக்கம் அப்படி. போர்னா முதல்ல எதிரி மண்ணுல ஈட்டி எறியணும். உங்க ராஜா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காரு. அவ்வளவு தூரம் எந்தப் பூசாரியால எறிய முடியும்? நீ அவரோட படைவீரன். அதான் உன் பேர்ல இங்கயே ஒரு துண்டு வாங்க வெச்சோம். இப்ப இது எதிரி நாடு."

"உங்ககிட்டதான் இவ்வளவு படை இருக்கே. நேரா போய் இறங்க வேண்டியதுதானே?"

வொலூசியஸின் முகத்திலிருந்து கேலி போய்விட்டது.

"அநியாயமா நாங்க இதுவரைக்கும் ஒரு ஊரையும் தொட்டதில்லப்பா."

சொல்லிவிட்டுச் சிரிப்பான் என்று அவன் எதிர்பார்த்தான். வொலூசியஸ் சிரிக்கவில்லை.

கூட்டம் வந்தது.

செனட் உறுப்பினர்கள், படைத்தலைவர்கள், புதிதாகச் சேர்ந்த வீரர்கள். ஆயிரம் பேர் இருக்கலாம். இரண்டாயிரமாகவும் இருக்கலாம். அவனால் கணிக்க முடியவில்லை. எல்லாரும் கல்லுக்கு வெளியே நின்றார்கள். ஒருவருடைய செருப்பு நுனிகூட அவன் மண்ணில் படவில்லை.

இத்தனை ஊர்களை விழுங்கியவர்கள்.

தலையைக் கம்பளித் துணியால் மூடிய பூசாரி முன்னால் வந்தார். கையில் ஈட்டி.

"இந்த மண் யாருடையது?"

யாரும் இருமவில்லை.

பதிலை அவன்தான் சொல்ல வேண்டும். தன்னுடையது இல்லை என்றால் சடங்கு நிற்கும். இன்று போர் கிடையாது. கப்பல்கள் துறைமுகத்திலேயே கிடக்கும். இன்னொரு கைதியைத் தேட வேண்டும். பத்து நாள் ஆகலாம். ஒரு மாதமும் ஆகலாம். அதற்குள் யாராவது சமாதானம் பேசலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம், அரசனின் படையில் அவன் தம்பியும் இருந்தான். பத்தொன்பது வயது.

ஒரே சொல் போதும்.

மலைகளையும் ஆறுகளையும் தாண்டிய படை, ஆறு தப்படி அகல மண்ணின் ஓரத்தில், அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவனுக்கு உடல் சிலிர்த்தது.

மண் ஈரமாக இருந்தது. குதிகால் லேசாகப் புதைந்தது.

அவன் அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவன் வயலை உழுதவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான்.

"என்னுது" என்றான்.

குரல் அவன் நினைத்ததைவிடப் பலமாக வந்தது.

ஈட்டி அவன் தோளை ஒட்டிப் போய்த் தரையில் குத்தி நின்றது. அதன் நடுக்கம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. பிறகு சத்தமே இல்லாமல் கலைந்து, போருக்குப் போனார்கள்.

வொலூசியஸ் மட்டும் நின்றான்.

"பதினாறு வருஷம் சண்டை போட்டாச்சு. இந்தத் தடவை எனக்கும் நிலம் தர்றதாச் சொல்லியிருக்காங்க. உங்க ஊர்லதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மண்ணு எப்படி அங்க? கோதுமை வருமா?"

"வெறும் கல்லு."

"போன சண்டையில புடிபட்டவனும் இதையேதான் சொன்னான். என் மச்சான் இப்ப அவன் ஊர்ல திராட்சை போட்டிருக்கான்."



அவன் குனிந்து, ஈட்டியைச் சுற்றியிருந்த களையைப் பிடுங்க ஆரம்பித்தான்.