பரண் மேல் கண்ணம்மாள்

ஆயாவைப் பரணில் ஏற்றி முடிப்பதற்குள் தனகோடிக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

"மெதுவாங்க. போன தடவ கீழ போட்டு மூஞ்சியே நொறுங்கிப் போச்சி," என்றாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி தேவகி.

ஆயா என்றால் ஆயா இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்ட அவளுடைய போட்டோக்கள். தனகோடியின் அப்பாவைப் பெற்றவள், ஆம்பூர் கண்ணம்மாள். சினிமா பேச ஆரம்பித்த புதிதில் ஐந்தாறு படங்களில் நடித்தவள்.

மைக்கை மரக்கிளையில் ஒளித்து, ஆர்மோனியக்காரரைப் புதருக்குப் பின்னால் உட்கார வைத்து, நடித்துக்கொண்டே சொந்தக் குரலில் பாட வேண்டிய காலம் அது. கண்ணம்மாள் பாடினால் பக்கத்து ஊருக்கே கேட்குமாம். தனகோடி பிறப்பதற்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. சுவரில் தொங்கியபடியே, கொள்ளுப்பேத்தி மேகலாவுக்கு வந்த இரண்டு வரன்களைக் கலைத்துவிட்டாள். 'கூத்தாடிங்க வூடா?' என்று கேட்டுவிட்டு, கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

இன்றைக்கு வருவது மூன்றாவது வரன். பையன் கோகுலுக்குப் பாகாயம் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை. அவன் போட்டோவைப் பார்த்ததிலிருந்து மேகலா தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இதுவும் கலைந்தால் மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தனகோடிக்குப் பயம்.

"ஆயா பாட்டு என் போன்ல இருக்குதுப்பா. அதையும் பரண்ல போட்டுடவா?" என்றாள் மேகலா.

"வாய மூடிக்கினு போய் பொடவ கட்டு."

சுவரில் ஒரே ஒரு படம் மிஞ்சியது. பட்டுத் தலைப்பாகை, இடுப்பில் வாள், முறுக்கு மீசை. சின்ன வயதில் இது யார் என்று கேட்டதற்கு அப்பா, "நம்ம வூட்டு ராஜா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். பாட்டனார்தான் என்று தனகோடி தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். குடும்ப கௌரவத்துக்கு அந்த மீசை ஒன்றே போதும்.

துணியால் துடைத்தார். மூக்கோரம் ஒரு கரும்புள்ளி மட்டும் போகவில்லை. தனகோடிக்கு ஷூ கம்பெனியில் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ரகம் பிரிக்கிற வேலை. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்தத் தோல் அவர் கண்ணுக்குத் தப்பாது. மழைக்காலத்தில் தோலுக்கு வருகிற வியாதி பாட்டனாருக்கும் வந்திருக்கிறது என்று அந்தக் கண் சொன்னது.

"பூஞ்ச," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படத்தை மாட்டினார்.

காவேரிப்பாக்கத்திலிருந்து கார் வந்து நின்றது. கோகுலும் அவன் அம்மா அம்சவேணியும் மட்டும்தான் வந்திருந்தார்கள். அந்தம்மா ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ் என்பதை யாரும் சொல்லவே தேவையில்லை, பார்வையே சொன்னது.

ஆம்பூருக்கு வந்தவர்களுக்குப் பிரியாணி போடாமல் அனுப்புவதில் தனகோடிக்கு வருத்தம்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அசைவம் ஆகாதே. கேசரி வந்தது. அம்சவேணி தொடவில்லை. அவள் கண் சுவரிலேயே இருந்தது.

"அது யாருங்க?"

"எங்க பாட்டனாரும்மா. ஜமீன்ல பெரிய கை. நாடகம், சினிமான்னா அந்தப் பக்கம் தல வெச்சிகூட படுக்க மாட்டாரு."

"பாடுவாரா?"

"சேச்சே. வாயத் தொறந்தா அதட்டல்தான்."

அம்சவேணி எழுந்து படத்தருகே போனாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "மூக்குல இன்னாங்க அது?"

"பூஞ்சம்மா. தொடச்சேன், போவல."

அவள் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். வாசற்படியில் நின்ற மேகலா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா காவேரிப்பாக்கத்துல டென்ட் கொட்டாய் வெச்சி சினிமா ஓட்டினாரு," என்றாள் அம்சவேணி. "நாங்க வெளிய சொல்லிக்கிறதில்ல. மொத மொதல்ல ஓட்டினது ஒரு பழைய பாட்டுப் படம். அப்பல்லாம் மூஞ்சிய யாரு பாத்தா? கொரல் இருக்கிறவங்களுக்குத்தான் ராஜா வேஷம். அந்தப் படம் ஓடித்தான் எங்க வூட்ல அடுப்பு எரிஞ்சிது. டிக்கெட் ரூம்ல அந்தப் படத்துல பாடினவங்க போட்டோவ மாட்டி அப்பா தெனம் கற்பூரம் காட்டுவாரு."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. தனகோடிக்குத் தன்னை நினைத்தே வெட்கமாகப் போனது. கொட்டகைக்காரர் மகளிடம் போய் சினிமாவை ஒளித்தோமே. பொய் சொல்லிப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை.

"மன்னிச்சிக்கோங்கம்மா. எங்க ஆயாவும் சினிமாலதான் பாடினாங்க. ஆம்பூர் கண்ணம்மாள். உங்களுக்கு பயந்துக்கினு பரண்ல ஏத்திட்டேன். இருங்க, எறக்கிட்டு வர்றேன்," என்று ஸ்டூலை இழுத்தார்.

அம்சவேணி கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் படத்தருகே வந்தாள். ஒரு வாய் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றாள்.

"பரண் எதுக்கு? இந்த மீசைக்கு மேல இருக்கிறது பூஞ்ச இல்ல சம்பந்தி, உங்க ஆயா மூக்குத்தி போட்ட ஓட்ட."