வெடிக்காரரின் இங்கிலீஷ் வகுப்பு

“வெடி வைக்கப் போறோம், எல்லாரும் ஷெட்டுக்கு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைக்க வேண்டியதுதானே?

எங்கள் சுரங்கத்து வெடிக்காரர் வைக்க மாட்டார்.

“மைனிங். இது ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அர்த்தம் என்ன? பூமிக்குள்ள கிடக்குற தாதுவைத் தோண்டி வெளியே எடுக்குறது. இப்போ வாக்கியத்துல பார்ப்போம். ஐ ஆம் மைனிங். யூ ஆர் மைனிங்...”

ஷெட்டுக்குள் நாங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். தினமும் இதே வார்த்தை, இதே அறுவை.

“பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்ல கோட் அடிச்ச மனுஷன். அந்த ஏக்கத்தை நம்ம காதுல தீர்த்துக்கிறாரு” என்றார் லாரி டிரைவர்.

“வெடிச்சு முடிஞ்சாத்தான் சாப்பாடு. வயிறு கத்துறது அவருக்குக் கேட்கலையா?” என்றார் பொக்லைன்காரர்.

புது மேனேஜருக்கும் பொறுக்கவில்லை.

“அறிவிப்பு முடிஞ்சதும் ஆள் எண்ணணும், அப்போ ஷெட்டுல இல்லாதவங்களுக்கு மறுநாள் வேலை இல்லைன்னு முதலாளி கறாரா சொல்லிட்டாரு. வேகமா வந்து சேர முடியாதவங்க இங்க வேண்டாமாம். இவரு அறிவிப்பையே முடிக்க மாட்டேங்குறாரே. இன்னைக்கு முதல்ல இவரு சீட்டைக் கிழிக்கிறேன்.”

விறுவிறுவென்று மேட்டில் இருந்த மைக் கூண்டுக்கு ஏறிப் போனார். மைக் அணையவில்லை. அங்கே நடந்த பஞ்சாயத்து முழுக்க எங்களுக்கு ஸ்பீக்கரில் கேட்டது.

“மைக்கைக் கொடுங்க. உங்க வாத்தியார் வேலை இன்னையோட சரி.”

“சார், இன்னும் ஹீ, ஷீ எல்லாம் பாக்கி இருக்கு சார்.”

“வேலை வேணுமா, வேண்டாமா?”

“வேணும் சார். ஆனா கூண்டுலேருந்து அந்தச் சமையல் கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பாருங்க சார். அப்புறம் என்னை அனுப்புங்க.”

கூண்டு ஜன்னலை மேனேஜர் தள்ளித் திறக்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

“ஹீ இஸ் மைனிங். ஷீ இஸ் மைனிங். வீ ஆர் மைனிங்...”

“போச்சுடா, இவருக்கும் ஒட்டிக்கிச்சு” என்று டிரைவர் சிரித்தார்.

மேனேஜர் விடவில்லை. “அடுத்தது இறந்த காலம். ஐ வாஸ் மைனிங். யூ வேர் மைனிங்...”

அப்போதுதான் சமையல்கார அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து ஷெட்டுக்குள் நுழைந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

“ஹீ வாஸ்...” ஸ்பீக்கர் பாதியில் நின்றது. “அவ்வளவுதான். ஆள் எண்ணலாம்.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அக்கா முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார்.

“முட்டி தேய்ஞ்சு போச்சு, சுரங்க வேலையை விட்டுடுன்னு வீட்டுல ஒரே நச்சரிப்பு. நான் விடுவேனா? இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஒரு நாளாவது லேட்டா வந்திருக்கேனா, நீங்களே சொல்லுங்க.”