நின்றுகொண்டே ஓடிய கார்

"அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓடினாதான் ஆயில் மாத்தணும்னு எழுதி ஒட்டினியே, ரெண்டாயிரம்கூட ஓடல. அதுக்குள்ள எப்படிம்மா கறுக்கும்?"

சந்திரமதி ஆன்ட்டி, மாமாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

கதவில் ஸ்டிக்கர் ஒட்டியது நான்தான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு விஜயராஜ் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு அதுதான் வேலை. கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது மாமாவின் வேலை.

தலையைக் குனிந்துகொண்டேன். அவருடைய முந்தானையில் வெள்ளையாக ஒரு இழை ஒட்டியிருந்தது.

காலையில் அவர் வீட்டுக்காரர் டயர் மாற்ற விட்டுப் போன கார். எடுத்துப்போக வந்த ஆன்ட்டியிடம், ஆயிலும் மாற்ற வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார்.

மாமா ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கைத் துடைத்துக் காட்டினார். துணி தார்போல ஆனது.

"அரே மேடம், கசம் சே, சத்தியமா! உங்க சார் முன்னாடிதான் சீல் உடைச்சு ஊத்தினேன்."

"அவர் முன்னாடி நீங்க மண்ணெண்ணெய் ஊத்தினாலும் அவருக்குத் தெரியாது. ஆபீஸ், ஓவர்டைம், வீடு. இந்தக் கார் வேற எங்க போகுது? பழைய ஆயிலை ஊத்தி ஏமாத்துறீங்கன்னு ஹேடோ குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்றேன், பாருங்க."

மாமாவின் முகம் சுருங்கியது. எங்களிடம் வரும் கார்களில் பாதி, ஆன்ட்டி குடியிருக்கும் அந்த ஹேடோ குவார்ட்டர்ஸ் கார்கள்.

ஊற்றியது புது ஆயில்தான். டப்பாவை நானே எடுத்துக் கொடுத்தேன்.

சார் எங்கும் போகாதவர் என்பதும் உண்மை. மகள் ப்ரியங்கா தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து கோயிலுக்குக்கூட அவர் போவதில்லை. "அவ வாசலை நானும் மிதிக்க மாட்டேன், நீயும் மிதிக்கக் கூடாது" என்று அன்று அவர் மனைவியிடம் கத்தியது மூன்று பிளாக் வரை கேட்டதாம்.

அப்படியானால் ஓடாத காரில் ஆயில் எப்படிக் கறுத்தது?

பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ரேடியேட்டரின் முன்பக்கம் முழுவதும் வெள்ளையாக எதுவோ அப்பியிருந்தது.

பிய்த்தேன். இலவம் பஞ்சு.

இது காய் வெடிக்கிற காலம்தான். ஆனாலும் மரத்தைக் கடந்து போகிற காரில் இவ்வளவு அப்பாது. மரத்தடியில் நின்று, ஃபேன் சுற்றிச் சுற்றி இழுத்தால்தான் இப்படிச் சேரும்.

"நின்னுக்கிட்டே எஞ்சின் ஓடியிருக்கு ஆன்ட்டி." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஏசி போட்டுக்கிட்டு, தினமும், ரொம்ப நேரம். அப்படின்னா கிலோமீட்டர் ஏறாது. ஆயில் மட்டும் கறுக்கும்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வாசல்ல ஒருநாளும் அப்படி நின்னதில்லையே" என்றார் ஆன்ட்டி.

"வேற எங்கயோ. இலவ மரத்தடியில." எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இங்க இலவ மரம் எங்க ஆன்ட்டி இருக்கு?"

"குட்வில் எஸ்டேட்ல இருக்கே, நம்ம ப்ரியங்கா வீட்டுக்கு எதிர்ல..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மாமா எதையோ தேடுவதுபோல வண்டிக்கடியில் குனிந்தார்.

பஞ்சோடு என் கை நீட்டியபடியே இருந்தது. ஆன்ட்டி அதை வாங்கினார். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

பிறகு தன் முந்தானையில் ஒட்டியிருந்த இழையை மெல்ல எடுத்து, அதனோடு சேர்த்து வைத்தார்.

கையை மூடிக்கொண்டார்.

கார் சாவியை எடுக்கவில்லை. மாமாவையும் பார்க்கவில்லை. ரோட்டில் இறங்கி, சாரின் ஆபீஸ் இருக்கும் பக்கமாக வேகமாக நடந்தார்.