இரண்டு ஃபிலிம்

இரண்டாவது எக்ஸ்ரே ஃபிலிமிலும் அந்தப் புள்ளிகள் இருந்தன.

அவள் இரண்டையும் வெளிச்சப் பெட்டியின் மேல் அடுத்தடுத்து வைத்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து மறுபடி எண்ணினாள். ஏழு. குண்டூசித் தலை அளவு, கன்னங்கரேலென்று, போல்ட் துளையின் ஓரத்தில். உருக்கிய அலுமினியம் உறையும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாயு.

வெளியிலிருந்து பார்த்தால், இன்ஜினுக்கு மேல்மூடியாக உட்காரும் அந்த சிலிண்டர் ஹெட்டில் ஒரு குறையும் இல்லை. வண்டி ஓடி, இன்ஜின் சூடேறும்போது, விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

காலையில் எடுத்த முதல் படத்தில் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம். நகம் பட்டிருக்குமோ? கழுவும்போது தண்ணீர்த் துளி நின்றுவிட்டதோ? அதனால்தான் ஒரே உறைக்குள் இரண்டு ஃபிலிம் வைத்து மறுபடி எடுத்தாள். ஃபிலிமில் கோளாறு என்றால் ஒன்றில்தான் தெரியும். இரண்டிலும் தெரிந்தால் உலோகத்தில்தான்.

சந்தேகம் போய்விட்டது. பயம்தான் போகவில்லை.

ஒரே உலையில் ஒரே தடவையாக உருக்கி வார்த்த நாற்பது ஹெட்டுகளும் லாரியில் ஏறக் காத்திருந்தன. வார்த்தவர் மெல்ட்டிங் மேடம். தொழிற்சாலையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் அப்படித்தான். உலைப் பொறுப்பில் மேடத்துக்கு மூன்று மாதச் சோதனைக் காலம் நாளையோடு முடிகிறது. நாற்பதும் கழிக்கப்பட்டால் பழையபடி அச்சுக்கு மணல் சலிக்கப் போக வேண்டியதுதான். அது இவளுக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும்.

கதவைத் தள்ளிக்கொண்டு மேடமே வந்தார்.

“லாரிக்காரர் ஹாரன் அடிச்சே காதைச் செவிடாக்குறார். ஃபிலிம்ல கீறல் ஏதாவது விழுந்திருக்கும், நல்லாப் பாருங்க.”

“ரெண்டு ஃபிலிம்லயும், அதே இடத்துல, ஏழு கீறலா மேடம்?”

லென்ஸை மேடத்திடம் நீட்டினாள்.

மேடம் லென்ஸை வாங்கிக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் நிராகரிப்புச் சீட்டைத் தன் பக்கம் இழுத்து, அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். இரண்டும் ஒரே மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

கதவைத் தள்ளிக்கொண்டு உலைப் பக்கம் போய்விட்டார்.

ஷிஃப்ட் முடிந்து அவள் வெளியே வந்தபோது கேட்டருகே ஒரு ஸ்கூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. மேடம் இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டினார்.

“ஏறுடி. ஈரமான அலுமினியத் துண்டுகளை உலையில போட்டிருக்கானுங்க, அதான் வாயு. நான்தான் பார்க்காம விட்டுட்டேன். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். என்ன செய்யணுமோ செய்யட்டும்.”

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களில் பிடித்துக்கொண்ட அதே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி தெருமுனை திரும்பியது.

“ஆனா இன்னைக்குப் பாத்திரம் நீதான் கழுவுற,” என்றாள் அம்மா.