வண்டிக்குப் பின்னால் நாலு நாய்

போர்மேன் பாலகுருவின் டி.வி.எஸ். வண்டி பட்டாசு ஆலை கேட்டில் வந்து நின்றது. பின்னாலேயே ஓடி வந்த நாலு நாய்களும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன.

"பாத்தியா முருகம்மா? மூணு நாளா இதே கூத்துதான்" என்றாள் பொன்மணி. "நான் சும்மாவா மண்ணை வாரித் தூத்தினேன்?"

"நெசந்தாங்க்கா. வாயில்லா சீவனைக் கொன்ன பாவம் விடுமா? அதோட சாதிசனம் நியாயம் கேட்டு வருது."

மத்தாப்பு, ஆலைப் பெண்கள் மத்தியானம் போடும் மிச்சச் சோற்றில் வளர்ந்த பெட்டை நாய். போன வாரம் மறுபடி பருவத்துக்கு வந்தது. எம். புதுப்பட்டியில் இருந்த கடுவன் நாய்கள் அத்தனையும் மோப்பம் பிடித்து வேலிக்குள் புகுந்துவிட்டன. வெடி காயப்போட்ட மேடைமேலேயே கட்டிப் புரண்டு சண்டை போட்டன.

"ஒரு உரசல் போதும், அம்புட்டுப் பேரும் கரிக்கட்டைதான்" என்று பாலகுரு கத்தினான். "சோறு போட்டவுக யாராச்சும் வீட்டுல கொண்டுபோய்க் கட்டிப்போடுங்க. பருவம் அடங்குற மட்டும் மூணு வாரந்தான்."

முருகம்மாள் வீட்டில் கோழி இருந்தது. பொன்மணிக்கு வாடகை வீடு. மற்றவர்கள் தலையைக் குனிந்து திரி செருகுவதில் மும்முரமானார்கள்.

"அப்ப நாளைக்கு இது இங்கன இருக்கக்கூடாது."

மறுநாள் மத்தாப்பு இல்லை. போர்மேன் அதைச் சாக்கில் போட்டு வண்டியில் கட்டிக்கொண்டு போனதை வாட்ச்மேன் செல்லப்பாண்டி பார்த்திருக்கிறார்.

கொன்றுதான் போட்டிருப்பான் என்று பொன்மணி முடிவு கட்டினாள். சாயங்காலம் நேரே காளியம்மன் கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்தினாள். "மத்தாப்புக்கு அவன் என்ன செஞ்சானோ, அது அப்படியே அவனுக்குத் திரும்பணும் தாயே" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

தாய் கேட்டுவிட்டாள். அவன் படும் பாட்டைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று பொன்மணிக்கு ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை, லீவு கேட்கப் போவதுபோல அவன் வீட்டுக்குக் கிளம்பினாள். தெருவுக்குள் நுழையும்போதே மனசு குளிர்ந்தது. அவன் வாசலில் ஏழெட்டு நாய்கள் காத்துக் கிடந்தன.

பாலகுருவின் மனைவி மாரித்தாய் கையில் விளக்குமாற்றோடு கதவை ஒரு சாண் திறந்தாள்.

"சட்டுனு உள்ள வாங்க மதினி. ஒண்ணு நுழைஞ்சாலும் காரியம் கெட்டுப்போகும்."

"என்ன மதினி, இம்புட்டு நாயி?" பொன்மணி ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"எல்லாம் இவளைத் தேடித்தான்."

மாரித்தாய் குளியலறைக் கதவைத் திறந்தாள். பழைய பாயில் படுத்திருந்த மத்தாப்பு, பொன்மணியைப் பார்த்ததும் வாலால் சுவரை அடித்தது. அதன் இடுப்பில் பாலகுருவின் லுங்கிக் கிழிசல் கோவணமாகச் சுற்றியிருந்தது.

"இவ வாடை அவுக சட்டை, வண்டி எல்லாத்துலயும் ஏறிப்போச்சு. போற இடமெல்லாம் கடுவனுக பின்னாலயே வருதுக. இலவச டி.வி. வந்தும் ஒரு சீரியல் பாக்க முடியல, வாசல்ல அம்புட்டுக் குரைப்பு. போன தடவை போட்ட குட்டி ஒண்ணுகூடத் தங்கலியாம்ல? பருவம் அடங்கின பெறகு விருதுநகர் கொண்டுபோய் ஆபரேசன் பண்ணிரணும்னு டாக்டர்கிட்டச் சொல்லி வச்சிருக்காக."

பொன்மணிக்கு வெட்கமாக இருந்தது. "அண்ணாச்சி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மதினி?"

"நீங்களும் சொல்லிராதீக. வெடிமருந்துல வேலை பாக்கிறவுகளுக்குப் போர்மேன் மேல பயம் இருக்கணுமாம். நாய்க்குக் கோவணம் கட்டிவிட்டவருன்னு தெரிஞ்சா யாரு பயப்படுவா?"

திங்கட்கிழமை வண்டி வந்து நின்றது. இன்றைக்கு ஐந்து நாய்கள்.

"அங்கன என்ன பேச்சு? வேலையைப் பாருங்க" என்று அதட்டிவிட்டுப் பாலகுரு உள்ளே போனார்.

"எக்கா, ஒண்ணு கூடியிருக்கு" என்று முருகம்மாள் கிசுகிசுத்தாள். "பாவம், போதும். கோயிலுக்குப் போய்ச் சாபத்தைத் திரும்ப வாங்கிரு."

"வேண்டாம்" என்றாள் பொன்மணி, திரியைச் செருகியபடி. "அவரு மத்தாப்புக்கு என்ன செஞ்சாரோ, அது அப்படியே அவருக்குத் திரும்பட்டும்."