ஏழு காசுக்கு ஒரே அச்சு

"ஏழும் ஒரே அச்சுல அடிச்சதுண்ணா!" என்று ஆய்வு மாணவி என் மேசைக்கே ஓடிவந்தாள்.

ரோமானிய மாகாணம் ஒன்றின் வெண்கலக் காசுகள் அவை. இரவல் வந்த அசல்கள் பிரதி எடுத்ததுமே திரும்பிவிட்டன. நான் எடுத்துக் கொடுத்த பிளாஸ்டர் பிரதிகளை வைத்துத்தான் மூன்று வருடமாக மாரடித்துக்கொண்டிருந்தாள்.

"ராஜா மூக்குல ஒரு கீறல். அச்சு வெடிச்சதால வந்தது. ஏழுலயும் அதே கீறல்!"

பின்னாலேயே பேராசிரியர் வந்தார்.

"ஏழும் ஏழு ஊர்ல கிடைச்ச காசும்மா. ஒரே அச்சுன்னா, ஊருக்கு ஊர் தனி அச்சுன்னு நாங்க இதுவரைக்கும் எழுதினதெல்லாம் குப்பை." என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, ஒவ்வொரு பிரதியும் தனித்தனிக் காசுல எடுத்ததுதானே?"

"ஆமா சார்."

"அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"அண்ணனைப் போய் சந்தேகப்படறீங்களே சார்! ஆய்வேட்டுல முதல் நன்றியே அவருக்குத்தான்."

குனிந்து கையெழுத்துப் போட்டேன். நிமிர முடியவில்லை.

பிரதி எடுத்த அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரம். ஒரு காசை ரப்பரில் பதித்து, அதிலேயே ஏழு முறை பிளாஸ்டர் ஊற்றினேன். ஒன்றுபோல் தெரியக்கூடாதென்று விளிம்புகளை வேறுவேறாக அரத்தால் ராவினேன்.

மற்ற ஆறு காசுகளை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.