வெறும் பிடிகள்

லிபெரெட்ஸ் நகர ஆய்வுக்கூடத்தில் ஹெத்விகாவின் காலை எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். இரண்டு பாலிமர்களைக் கலந்து நூற்ற நானோ இழைத் துணியை இழுத்துக் கிழித்துப் பார்க்கும் இயந்திரம் அவள் பொறுப்பு. துணியை மாட்டுவதற்கு முன்னால், வெறும் பிடிகளோடு ஒரு தடவை ஓட்டுவாள். திரையில் பூஜ்யம் வர வேண்டும். அன்று முப்பத்தெட்டு நியூட்டன் விசை வந்தது. பிறகு 'அறுந்தது' என்றும் வந்தது.

"ஓல்ட்ரிக் சார், பிடியில ஒண்ணுமே இல்ல. ஆனா என்னமோ அறுந்துச்சு."

மேலாளர் ரொட்டியை மென்றுகொண்டே வந்தார். "பேயே வந்து உக்காந்தாலும் ரூல் ரூல்தான். அஞ்சு தடவை இழுத்து சராசரி எடு."

இரண்டாவது தடவை, கறியைப் பிய்ப்பது போலச் சத்தம் கேட்டது. மூன்றாவதற்குப் பிறகு பிடிகளைத் துடைத்த பஞ்சு சிவந்தது. நான்காவதில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்கள்.

"போதும் சார், அதுக்கு வலிக்குது." அவள் பிடிகளைத் திறந்துவிட்டாள்.

"எதுக்கு? காத்துக்கா?" ஓல்ட்ரிக் சிரித்தார். தன் கையாலேயே பிடிகளை இறுக்கி மூடினார். பொத்தானை அழுத்திவிட்டு, தள்ளி நின்று மிச்ச ரொட்டியைக் கடித்தார்.

விசை முப்பத்தெட்டைத் தாண்டியது. நூற்றைத் தாண்டியது. ரொட்டி பிடித்திருந்த அவருடைய வலது கை விறைத்து நீண்டது.

"நிறுத்து! நிறுத்தித் தொலை!"

ஹெத்விகா சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். இயந்திரம் நின்றுவிட்டது. திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. எழுநூற்றுப் பன்னிரண்டில் 'அறுந்தது' என்று வந்தது.

தரையில் ரொட்டி கிடந்தது. விரல்கள் அதை இன்னும் விடவில்லை.